'தி' போட்டால் அத்தனையுமா? ஒரு பெட்டிக் கதையும் பத்து வருடச் சந்தேகமும்

#1 பனியன்காரன்

வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் மெயில் எழுதுவது தினப்படி வேலை. ஆனால் இந்த 'தி' விஷயத்தை மட்டும் பத்து வருடமாகக் குத்துமதிப்பாகவே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வாக்கியம் மொட்டையாகத் தெரிந்தால் ஒரு 'தி' போடுவேன். கூட்டமாகத் தெரிந்தால் ஒன்றை எடுத்துவிடுவேன்.

போன மாதம் மாட்டிக்கொண்டேன். ஓர் ஆர்டரில் மொத்தம் 40 பெட்டி. 28 போய்விட்டது. மீதி 12 செக்கிங்கில் நின்றது. பையருக்கு, அதாவது சரக்கு வாங்குகிறவருக்கு, "வீ ஹாவ் டிஸ்பாட்ச்ட் தி கார்ட்டன்ஸ்" என்று எழுதினேன். மீதியைப் பற்றி மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பு. அவர் 40 பெட்டியும் கிளம்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, கடைகளுக்குப் பிரித்து அனுப்ப வண்டி வரை ஏற்பாடு செய்துவிட்டார். போனில் அவர் சொன்னது ஒரே வரிதான்: "யூ செட் தி கார்ட்டன்ஸ்." அந்த 'தி'யை மட்டும் 'தீ' என்று நீட்டி அழுத்திச் சொன்னார்.

எத்தனை பெட்டி என்று எண் போட்டிருக்க வேண்டும், அது என் தப்புதான். என் சந்தேகம் வேறு. 'தி' என்றால் 'அந்த' என்று படித்தோம். நான் அந்தப் பெட்டிகளைத்தானே சொன்னேன்? அனுப்பிய அந்தப் பெட்டிகளை. இதில் 'எல்லாம்' என்ற அர்த்தம் எங்கிருந்து வந்தது?

#2 கேள்விக்குறி

எண் போடுங்கள், முடிந்தது. 'தி'யைப் பற்றிக் கவலைப்பட இங்கிலீஷ்காரன் இருக்கிறான்.

#3 சாக்பீஸ்

தம்பி, முப்பது வருடம் ஆங்கிலம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். 'தி என்றால் அந்த' என்று சொல்லிக்கொடுத்த கூட்டத்தில் நானும் ஒருவன். அதனால் பதில் சொல்லும் பொறுப்பும் எனக்கு உண்டு.

'அந்த' என்பது விரலை நீட்டிக் காட்டுகிற சொல். நாலு கதவு இருக்கும் இடத்தில் "அந்தக் கதவைச் சாத்து" என்றால், மற்ற மூன்றை விட்டுவிட்டு அந்த ஒன்றைச் சாத்து என்று பொருள். பலவற்றுக்குள் ஒன்றைப் பொறுக்கி எடுக்கிறது. 'தி' அப்படிப் பொறுக்காது. "க்ளோஸ் தி டோர்" என்றால், நாம் இருக்கும் இடத்தில் கதவு என்று சொன்னால் எது என்பதில் குழப்பமே இல்லை, இருப்பதே ஒன்று என்று அர்த்தம். பொறுக்க வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில்தான் 'தி' வரும்.

இதைப் பன்மைக்குக் கொண்டுபோங்கள். "மூவ் தி சேர்ஸ்" என்றால் அறையில் இருக்கும் நாற்காலி அத்தனையும். இருபது நாற்காலியில் பதினைந்தை மட்டும் நகர்த்திவிட்டு நின்றால், சொன்ன வேலையை நீங்கள் முடிக்கவில்லை. ஒருமையில் 'இருப்பது ஒன்றுதான்', பன்மையில் 'இருப்பது எல்லாமும்'. இரண்டும் ஒரே விதிதான், இரண்டு இல்லை. பேச்சுக்குள் இருக்கிற கூட்டத்தில் மிச்சம் வைக்காமல் எடுத்துக்கொள்வது 'தி'யின் குணம்.

உங்கள் பையருக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்த கூட்டம் 40 பெட்டி. நீங்கள் 'தி கார்ட்டன்ஸ்' என்றதும் அவர் காதில் 40 விழுந்தது. அவர் மேல் குற்றம் இல்லை. 'தி'யை எடுத்துவிட்டு "வீ ஹாவ் டிஸ்பாட்ச்ட் கார்ட்டன்ஸ்" என்று எழுதியிருந்தால் 'பெட்டி சில அனுப்பினோம்' என்று மட்டும் கேட்டிருக்கும். அவர் உடனே 'எத்தனை?' என்று கேட்டிருப்பார். "சம் ஆஃப் தி கார்ட்டன்ஸ்" என்றிருந்தால் இன்னும் நல்லது.

'அந்த' என்று நாங்கள் சொல்லிக்கொடுத்ததில் முழுப் பொய்யும் இல்லை. ஆங்கிலத்தின் 'தி'யும் 'தட்'டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'தி' மாதிரி பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ஆர்ட்டிகிள் தனியாகக் கிடையாது. சுட்டுச்சொல்தான் அந்த வேலையையும் பார்த்தது. நாளாக நாளாகத் தேய்ந்து, சுட்டுகிற பலத்தை இழந்து, 'தி' ஆனது. பிரெஞ்சுக்கும் ஸ்பானிஷுக்கும் இதே கதைதான். லத்தீனில் ஆர்ட்டிகிள் இல்லை. 'அது' என்ற பொருள் தந்த லத்தீன் சொல் தேய்ந்துதான் அவற்றுக்கு ஆர்ட்டிகிள் கிடைத்தது. அதாவது 'தி' என்பது தேய்ந்துபோன 'அந்த'. தேய்ந்த செருப்பைப் புதுச் செருப்பு என்று விற்றுவிட்டோம்.

#4 ராத்திரிஷிப்ட்

சார், இந்த இழையைப் பார்த்ததும் நிம்மதியாக இருக்கிறது. நான் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வு எழுதத் தயாராகிறேன். கட்டுரை எழுதிக் கொடுத்தால் 'தி' மேல்தான் அதிகச் சிவப்பு வட்டம் விழுகிறது. "தி லைஃப் இஸ் ஹார்ட்", "தி சொசைட்டி மஸ்ட் சேஞ்ச்", "வீ மஸ்ட் ப்ரொடெக்ட் தி நேச்சர்". மூன்றும் தப்பாம். முக்கியமான சொல்லுக்கு முன்னால் 'தி' போட்டால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். 'திரு' மாதிரி.

சரி என்று எல்லாவற்றையும் எடுத்தேன். அப்புறம் "எலிஃபன்ட் இஸ் பிக் அனிமல்" என்று எழுதினேன். அதற்கும் வட்டம்.

#5 சாக்பீஸ்

'திரு' மாதிரி! சிரித்து மாளவில்லை அம்மா. ஆனால் அந்த நினைப்பு நிறையப் பேருக்கு இருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். சொல்லை எழுதியதும், எதிரில் இருப்பவர் 'எந்த?' என்று கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். "வாழ்க்கை கஷ்டம்" என்கிறீர்கள். 'எந்த வாழ்க்கை?' என்று யாராவது கேட்பார்களா? கேட்டால் கிறுக்கு என்போம். பொதுவாக வாழ்க்கை. அங்கே 'தி' வேண்டாம்: "லைஃப் இஸ் ஹார்ட்". "மீனவரின் வாழ்க்கை கஷ்டம்" என்றால் 'எந்த?' என்ற கேள்விக்கு வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது. அங்கே "தி லைஃப் ஆஃப் எ ஃபிஷர்மேன்". நேச்சரும் அப்படித்தான். இயற்கை என்றால் வெறும் 'நேச்சர்'. ஒரு சிக்கலின் தன்மை என்றால் "தி நேச்சர் ஆஃப் தி ப்ராப்ளம்". எழுத்து ஒன்று, பொருளே மாறிவிடுகிறது.

மூன்றாவது நிலையும் உண்டு. 'எந்த?' என்று கேட்பது நியாயம், ஆனால் கேட்பவருக்குப் பதில் தெரியாது. அங்கே ஒருமைக்கு 'எ'. பன்மைக்கு மொட்டை.

யானைக்கு வருவோம். தமிழில் "யானை பெரிய விலங்கு" என்று ஒருமையில், முன்னால் எதுவும் இல்லாமல் சொன்னால் மொத்த யானைக் குலமும் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய பொருளை ஒருமையில் மொட்டையாக நிறுத்தக் கூடாது. குலத்தைச் சொல்லப் பன்மைக்குப் போக வேண்டும்: "எலிஃபன்ட்ஸ் ஆர் பிக் அனிமல்ஸ்". தமிழ்க்காரர்கள் விழுகிற குழி இதுதான். தண்ணீர், பால், பொறுமை மாதிரி எண்ண முடியாதவற்றில் நமக்கும் அவர்களுக்கும் சண்டையே இல்லை. "மில்க் இஸ் ஒயிட்", "பால் வெள்ளை". அங்கே போய் 'தி' போட்டுக் கெடுத்துக்கொள்கிறோம்.

#6 பாரிஸ்வாசி

இடையில் நுழைகிறேன். யாழ்ப்பாணம்தான் ஊர், பாரிஸில் இருபது வருடம். "தி லைஃப் இஸ் ஹார்ட்" என்பதைத் தமிழர் மட்டும் எழுதுவதாக நினைக்க வேண்டாம். பிரெஞ்சுக்காரரும் அச்சாக அதைத்தான் எழுதுவார்கள். பிரெஞ்சில் பொதுவாகச் சொல்வதற்கும் ஆர்ட்டிகிள் வேண்டும். "லா வி எ த்யூர்" என்றுதான் சொல்ல வேண்டும், வெறும் "வி எ த்யூர்" என்றால் வாக்கியமே இல்லை. பூனை பிடிக்கும் என்றாலும் "லே ஷா" என்று ஆர்ட்டிகிளோடுதான். என் மகள் வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு. ஆங்கிலப் பாடத்தில் அவள் 'தி' கூடுதலாகப் போடுகிறாள், நான் குறைவாகப் போடுகிறேன். இரண்டு பேரையும் கூட்டிப் பாதியாக்கினால் சரியான ஆங்கிலம் வரும்.

#7 இருமொழி

மொழிபெயர்ப்பு என் தொழில். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது 'தி'யை நான் 'அந்த' என்று போட்டதே கிடையாது என்று சொல்லலாம். போட்டால் வாக்கியம் முழுக்க விரல் நீட்டிக்கொண்டே இருக்கும். அப்படியென்றால் 'தி' எங்கே போகிறது? காணாமல் போவதில்லை. பாதி நேரம் 'ஐ' உருபுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

"தண்ணீர் குடி." "தண்ணீரைக் குடி." இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவது, வெயிலில் வந்தவருக்குச் சொல்வது. ஏதோ தண்ணீர். இரண்டாவது, தம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குச் சொல்வது. முன்னால் இருக்கிற அந்தத் தண்ணீர், அதுவும் மிச்சம் வைக்காமல். "ட்ரிங்க் வாட்டர்", "ட்ரிங்க் தி வாட்டர்". நம் பாட்டிகள் ஒரு நாளும் இதில் தப்பு செய்ததில்லை. மரம் வெட்டினான், மரத்தை வெட்டினான். கடிதம் எழுதினாள், கடிதத்தை எழுதினாள். புத்தகம் படிக்கிற பழக்கம் உண்டு என்போம், புத்தகத்தைப் படிக்கிற பழக்கம் என்று சொல்லமாட்டோம்.

இன்னொரு பாதி சொல் வரிசையில் இருக்கிறது. "மேசையில் புத்தகம் இருக்கிறது" என்றால் மேசையைப் பற்றிய பேச்சு. அங்கே ஏதோ ஒரு புத்தகம். "புத்தகம் மேசையில் இருக்கிறது" என்றால் நாம் இரண்டு பேரும் தேடிக்கொண்டிருந்த புத்தகம். ஆங்கிலத்தில் முதலாவதுக்கு 'எ', இரண்டாவதுக்கு 'தி'. பஸ் நிறுத்தத்தில் "பஸ் வந்துவிட்டது" என்றால் காத்திருந்த பஸ், "ஒரு பஸ் வந்தது" என்றால் ஏதோ பஸ். எழுவாயில் 'ஒரு' இல்லாமலிருப்பதே சில நேரம் 'தி'யாகிவிடுகிறது.

ஆகவே தமிழில் ஆர்ட்டிகிள் இல்லை என்பது சரி. தமிழருக்கு அந்த வித்தியாசமே தெரியாது என்பது சரியில்லை. பனியன்காரன் அவர்களே, உங்கள் மெயிலை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்: "பெட்டி அனுப்பினோம்", "பெட்டிகளை அனுப்பிவிட்டோம்". இரண்டாவதைச் சொல்லும்போதே உங்களுக்குத் திக்கென்று இருந்திருக்கும்.

#8 பனியன்காரன்

உண்மைதான். "பெட்டிகளை அனுப்பிவிட்டோம்" என்று எங்கள் பேக்கிங் ஆள் சொன்னால் நான் 40 என்றுதான் எடுத்துக்கொள்வேன். எனக்கே நான் பையராகிவிட்டேன்.

#9 கேள்விக்குறி

அவ்வளவு சுலபமாக விடமாட்டேன். இருமொழி அக்கா, "ஒரு பெட்டியை அனுப்பினோம்" என்பது நல்ல தமிழ்தானே? 'ஐ'யும் இருக்கிறது, 'ஒரு'வும் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'எ கார்ட்டன்'. 'ஐ' வந்தால் 'தி' என்ற விதி அங்கே செத்தது. "நேற்று ஒரு பையனைப் பார்த்தேன்" என்பதிலும் அப்படியே. 'ஒரு பையன் பார்த்தேன்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். உயர்திணை என்றால் 'ஐ' ஒட்டிக்கொண்டே வரும், தெரிந்தவனானாலும் தெரியாதவனானாலும்.

#10 இருமொழி

நல்ல அடி, ஏற்றுக்கொள்கிறேன். 'ஐ' வந்தால் 'தி' என்று கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது.

வித்தியாசம் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். 'ஐ' பேசுகிறவர் மனசைப் பார்க்கிறது. என் மனசில் குறிப்பிட்ட ஒரு பெட்டி இருந்தால் போதும், 'ஐ' போட்டுவிடலாம். 'தி' கேட்கிறவர் மனசைப் பார்க்கிறது. எது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சொன்ன மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட வேண்டும். "ஒரு பெட்டியை" என்னும்போது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதனால் 'எ'. பனியன்காரன் செய்ததும் இதுதான். எந்த 28 என்று அவர் மனசில் தெளிவாக இருந்தது. எதிர்ப்பக்கம் அது தெரியாது என்பது மறந்துபோனது.

உயர்திணை பற்றி ஒன்று. 'ஐ' ஒட்டியே வரும் என்றீர்கள். "பெண் பார்க்கப் போனார்கள்" என்போமே, அதில் 'ஐ' எங்கே? "பெண்ணைப் பார்க்கப் போனார்கள்" என்றால் கதையே வேறு. ஏற்கனவே தெரிந்த பெண், ஒருவேளை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். முதலாவதில் பஜ்ஜி சொஜ்ஜி உண்டு, இரண்டாவதில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும்.

#11 கேள்விக்குறி

தோற்றேன். பஜ்ஜி வரை வந்த பிறகு வாதாட முடியாது.

#12 பழைய பேப்பர்

பத்திரிகை டெஸ்க்கில் இருந்தவன். பெட்டிக் கதையைப் படித்ததும் ஞாபகம் வந்தது: இதே 'தி கார்ட்டன்ஸ்' சிக்கல் ஐ.நா. சபையில் நடந்திருக்கிறது. 'தி' போட்டதால் அல்ல, போடாததால்.

1967 ஜூனில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் ஆறு நாள் போர். அதில் சினாய், காஸா, மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், கோலன் குன்றுகள் எல்லாம் இஸ்ரேல் வசம் வந்தன. அந்த வருடம் நவம்பர் 22-ஆம் தேதி பாதுகாப்பு சபை 242-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. வரைவைக் கொண்டுவந்தது பிரிட்டன், அதன் தூதர் கேரடன் பிரபு. அதில் இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்ற வரியில் இருப்பது "ஃப்ரம் டெரிட்டரீஸ் ஆக்குபைட் இன் தி ரீசன்ட் கான்ஃப்ளிக்ட்". கவனியுங்கள், கான்ஃப்ளிக்டுக்கு முன்னால் 'தி' இருக்கிறது. டெரிட்டரீஸுக்கு முன்னால் இல்லை.

சாக்பீஸ் சார் சொன்ன விதிப்படி, 'தி டெரிட்டரீஸ்' என்றால் பிடித்த இடம் அத்தனையும். வெறும் 'டெரிட்டரீஸ்' என்றால் பிடித்த இடங்கள், எவ்வளவு என்று சொல்லவில்லை. இஸ்ரேல் தரப்பு இந்த மொட்டைச் சொல்லைப் பிடித்துக்கொண்டது: எல்லா இடத்திலிருந்தும் விலக வேண்டும் என்று தீர்மானம் சொல்லவே இல்லை என்றது. அரபுத் தரப்பு, போரால் நிலம் சேர்ப்பது ஏற்கத்தக்கதல்ல என்று தீர்மானத்தின் முன்னுரையே சொல்வதைக் காட்டியது. கூடவே பிரெஞ்சு வடிவத்தையும் நீட்டியது. பிரெஞ்சில் அந்த இடத்தில் "தே தெரித்துவார்" என்று இருக்கிறது. அந்த 'தே'க்குள் ஆர்ட்டிகிள் கலந்திருக்கிறது.

விட்டுப்போனது தற்செயல் இல்லை. எழுதியவர்கள் தெரிந்தேதான் விட்டார்கள். 'தி'யோ 'ஆல்'லோ சேர்த்திருந்தால் ஒரு பக்கமும், 'சம்' என்று போட்டிருந்தால் மறுபக்கமும் ஒப்புக்கொண்டிருக்காது. மொட்டையாக விட்டதால் எல்லாரும் கை தூக்கினார்கள், சண்டையை அப்புறம் வைத்துக்கொண்டார்கள்.

#13 பாரிஸ்வாசி

பிரெஞ்சு பற்றி ஒரு சொல். மேலே சொன்னேனே, பிரெஞ்சு பொதுவானதற்கும் ஆர்ட்டிகிள் போடும் மொழி. அதனால் பிரெஞ்சில் அது இருப்பதை மட்டும் வைத்து 'எல்லா இடமும்' என்று முடித்துவிட முடியாது என்று ஒரு பக்கம் வாதாடலாம். வேறு மாதிரி எழுத பிரெஞ்சில் வழி இருந்ததே என்று மறுபக்கம் வாதாடலாம். இரண்டு மொழிக்கும் 'தி' போடும் எல்லை வேறு வேறு. அது ஒன்றுதான் எனக்குத் தெளிவு.

#14 கேள்விக்குறி

பெரிய விஷயம் என்று வந்துவிட்டதால் நானும் ஒன்று போடுகிறேன். 1969 ஜூலை, நிலவில் ஆர்ம்ஸ்ட்ராங். உலகம் கேட்டது "ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன், ஒன் ஜையன்ட் லீப் ஃபார் மேன்கைண்ட்". ஆங்கிலத்தில் 'மேன்' என்று மொட்டையாகச் சொன்னால் மனித குலம். பின்பாதியில் இருப்பதும் மனித குலம். அப்படியானால் மனித குலத்துக்குச் சின்ன அடி, மனித குலத்துக்குப் பெரிய தாவல் என்று ஆகிறது. பொருளே இல்லை. தான் சொல்ல நினைத்தது "ஃபார் எ மேன்", ஒரு மனிதனுக்கு, என்று அவரே பிற்பாடு சொன்னார். ஒலிப்பதிவில் அந்த 'எ' இருக்கிறதா இல்லையா என்று ஆராய்ந்து ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள்.

ஒன்று கேட்கலாமா சார்? யானைக்கு மொட்டை ஒருமை கூடாது என்றீர்கள். 'மேன்' மட்டும் எப்படித் தப்பித்தது?

#15 சாக்பீஸ்

'எங்கேயோ இருக்கிற இங்கிலீஷ்காரன் கவலைப்படட்டும்' என்று ஆரம்பித்த ஆள்தானே நீங்கள்? சந்தோஷம்.

மேன் விதிவிலக்கு. குலம் முழுவதையும் குறிக்க எண்ணக்கூடிய சொல் ஒருமையில் மொட்டையாக நிற்பது அதற்கும், அதை ஒட்டி 'வுமன்' என்ற சொல்லுக்கும்தான். பழைய நடை. இப்போது பலர் அதைத் தவிர்த்து 'பீப்பிள்', 'ஹியூமன்ஸ்' என்றே எழுதுகிறார்கள்.

குலத்தைச் சொல்ல இன்னும் இரண்டு வழி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரிஷிப்ட் அம்மாவுக்குத் தேர்வில் உதவும். "தி எலிஃபன்ட் இஸ் எ பிக் அனிமல்" என்றும் எழுதலாம். இங்கே 'தி' ஒரு யானையைக் காட்டவில்லை. யானை என்ற இனத்தை ஒற்றைப் பொருளாகப் பாவிக்கிறது. யானைக் குலம் என்று மொத்தமாகச் சொன்னால் அது ஒன்றுதானே? அதனால் 'தி'. "ஆன் எலிஃபன்ட் இஸ் எ பிக் அனிமல்" என்றும் எழுதலாம். எந்த யானையை வேண்டுமானாலும் பிடித்துப் பார், பெரிதாக இருக்கும் என்று பொருள்.

மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். டோடோ பறவையைக் கொண்டுவந்தால் சாயம் வெளுத்துவிடும். மொரீஷியஸில் இருந்து 17-ஆம் நூற்றாண்டில் அழிந்துபோன பறவை. "தி டோடோ இஸ் எக்ஸ்டிங்க்ட்" சரி. "டோடோஸ் ஆர் எக்ஸ்டிங்க்ட்" சரி. "எ டோடோ இஸ் எக்ஸ்டிங்க்ட்" தப்பு. ஒரு பறவை சாகலாம், ஒரு பறவை இன அழிவு அடைய முடியாது. டெலிபோனைக் கண்டுபிடித்தார்கள் என்றாலும் இதே கதைதான். கண்டுபிடித்தது ஒரு கருவி வகையை, கடையில் இருந்த ஒரு டெலிபோனை அல்ல. அதனால் "இன்வென்டட் தி டெலிபோன்". வீணை வாசிக்கிறாள் என்பதற்கு "ப்ளேஸ் தி வீணா" என்று எழுதுவதும் இந்தச் சாயல்தான். கிரிக்கெட்டுக்கு மட்டும் 'தி' கிடையாது, அது பொருள் இல்லை, ஆட்டம்.

#16 ராத்திரிஷிப்ட்

சார், நோட்டில் எழுதிக்கொண்டேன். டோடோ மறக்காது.

ஆஸ்பத்திரி பற்றிக் கேட்க வேண்டும். "ஷீ இஸ் இன் ஹாஸ்பிடல்", "ஷீ இஸ் இன் தி ஹாஸ்பிடல்" இரண்டையும் பார்க்கிறேன். எது சரி?

#17 இருமொழி

பிரிட்டிஷ் வழக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. "இன் ஹாஸ்பிடல்" என்றால் நோயாளியாகப் படுத்திருக்கிறார். நீங்கள் டியூட்டிக்குப் போனால் "இன் தி ஹாஸ்பிடல்". மொட்டையாக வந்தால் கட்டடம் மறைந்து அது எதற்காக இருக்கிறதோ அந்த வேலை மட்டும் மிஞ்சும். பள்ளி, சிறை, சர்ச், படுக்கை எல்லாம் இப்படித்தான். பையன் "டு ஸ்கூல்" போவான், பையனைக் கூப்பிடப் போகும் அப்பா "டு தி ஸ்கூல்" போவார். அமெரிக்கர்கள் ஆஸ்பத்திரிக்கு மட்டும் இரண்டு இடத்திலும் 'தி' போடுவார்கள். ஆபீஸ், பேங்க், சினிமா இந்தச் சலுகையில் சேராது, எப்போதும் 'தி'யோடு.

கேஸ் ஷீட்டில் "பேஷன்ட் கம்ப்ளெயின்ஸ் ஆஃப் பெயின்" என்று மொட்டையாக எழுதுவீர்களே, அது தந்தி நடை. அங்கே பரவாயில்லை. தேர்வில் கடிதம் எழுதச் சொன்னால் "தி பேஷன்ட்" என்று முழுசாக எழுதுங்கள். வேலைப் பழக்கத்தில் கை தானாக விட்டுவிடும்.

இன்னொன்று, "மோஸ்ட் ஆஃப் பேஷன்ட்ஸ்" என்று ஒரு வடிவம் ஆங்கிலத்தில் இல்லை. பொதுவாக என்றால் "மோஸ்ட் பேஷன்ட்ஸ்". உங்கள் வார்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் என்றால் "மோஸ்ட் ஆஃப் தி பேஷன்ட்ஸ்". அப்புறம் "தி நம்பர் ஆஃப் பேஷன்ட்ஸ்" என்றால் எண்ணிக்கை, அது 'இஸ்' எடுக்கும். "எ நம்பர் ஆஃப் பேஷன்ட்ஸ்" என்றால் பலர், அது 'ஆர்' எடுக்கும்.

#18 ராத்திரிஷிப்ட்

முதல் தடவை சொல்லும்போது 'எ', இரண்டாம் தடவை 'தி' என்று கோச்சிங்கில் சொன்னார்கள். அது சரிதானா?

#19 சாக்பீஸ்

சரிதான், ஆனால் அது வால். தலையைப் பிடியுங்கள். இரண்டாம் தடவை ஏன் 'தி'? முதல் தடவை சொன்னதால் கேட்பவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால். வேறு வழியில் தெரிந்தாலும் போதும், முதல் தடவையே 'தி'தான். "ஐ வென்ட் டு எ வெட்டிங். தி ப்ரைட் வாஸ் மை க்ளாஸ்மேட்" என்று எழுதலாம். மணப்பெண்ணைப் பற்றி இதற்கு முன் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கல்யாணம் என்றால் மணப்பெண் ஒருத்தி இருப்பாள் என்று எல்லாருக்கும் தெரியும். "தி கெஸ்ட்" என்று ஒருமையில் எழுதினால் மட்டும் இடிக்கும். விருந்தாளி ஒருவர்தானா?

#20 பழைய பேப்பர்

ஊர்ப்பெயருக்கு விதி இருக்கிறதா என்று யாரும் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: பாதி விதி, பாதி வழக்கம். ஆறு, கடல், மலைத்தொடருக்கு 'தி'. தனி மலைச் சிகரம், ஏரி, ஊருக்கு இல்லை. 'தி காவேரி', 'தி நீல்கிரிஸ்' என்றும், வெறும் 'எவரெஸ்ட்', வெறும் 'மதுரை' என்றும் எழுதுகிறோம். நாடுகளில் பஹாமாஸும் காம்பியாவும் 'தி'யைப் பெயரோடு வைத்துக்கொண்டிருக்கின்றன. உக்ரைன் வேண்டாம் என்கிறது. 1991-இல் தனி நாடாகும் வரை 'தி யுக்ரெய்ன்' என்று எழுதுவது சகஜம். 'தி' சேர்த்தால் ஒரு பிரதேசத்தின் பெயர் மாதிரி கேட்கிறது, நாடு மாதிரி கேட்கவில்லை என்பது அவர்கள் மனத்தாங்கல். அப்போதிலிருந்து டெஸ்க்கில் அதை அடித்துக்கொண்டே இருந்தோம்.

#21 கேள்விக்குறி

"தி மோர் தி மெரியர்" என்கிறார்களே, அதில் எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'தி' வருகிறது?

#22 சாக்பீஸ்

எதற்கும் இல்லை. அது இந்த 'தி'யே இல்லை. பழைய ஆங்கிலச் சுட்டுச்சொல்லின் மூன்றாம் வேற்றுமை வடிவம் தேய்ந்து, உருவத்தில் 'தி' மாதிரி ஆகிவிட்டது. நம் 'அதனால்' மாதிரி. எத்தனை பேரோ அத்தனை கொண்டாட்டம். இந்த இழைக்கும் பொருந்தும் போல.

#23 பனியன்காரன்

எல்லாருக்கும் நன்றி. இன்று மீதிப் பெட்டி கிளம்புகிறது. மெயில் இப்படி எழுதினேன்: "ட்வென்ட்டி எய்ட் ஆஃப் தி ஃபார்ட்டி கார்ட்டன்ஸ் வேர் டிஸ்பாட்ச்ட் லாஸ்ட் மன்த். தி ரிமெய்னிங் ட்வெல்வ் ஆர் லீவிங் டுடே அண்ட் வில் ரீச் யூ தி நெக்ஸ்ட் வீக்." மீதி 12 எது என்பதில் குழப்பம் இல்லை, அதனால் அங்கே 'தி' போட்டேன். சரியா சார்?

#24 சாக்பீஸ்

'தி ரிமெய்னிங் ட்வெல்வ்' பிரமாதம். 'தி நெக்ஸ்ட் வீக்' தான் வேண்டாம். இன்றிலிருந்து பார்த்து வரும் வாரம் என்றால் வெறும் 'நெக்ஸ்ட் வீக்'. 'தி' சேர்த்தால் கதையில் ஏதோ ஒரு வாரத்தைச் சொல்லி, அதற்கு அடுத்த வாரம் என்று ஆகும். அனுப்பிவிட்டீர்களா?

#25 பனியன்காரன்

அனுப்பி அரை மணி நேரம் ஆகிவிட்டது சார். 'எந்த வாரம்?' என்று இன்னும் கேட்கவில்லை.